மங்கி குல்லாவுக்குள் ஒரு போர்



மார்கழி பிறந்ததிலிருந்து மங்கி குல்லா மாட்டிக்கொண்டுதான் காலை நடைக்குப் போகிறேன். பேத்தி பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், காதில் பனி இறங்காமல் இருந்தால் போதும்.

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. அனுப்பியவர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். இன்று பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். "சார், இருபது வருஷமா ராக்லன் கை வெட்டுறேன். ராக்லன்னா துணியா, ஊரா, ஆளான்னு இதுவரைக்கும் தெரியல. நீங்கதான் சொல்லணும்" என்று கேட்டிருந்தார்.

ஊரும்தான், ஆளும்தான். ராக்லன் என்பது வேல்ஸில் உள்ள ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரைப் பட்டமாகப் பெற்றவர் ஒரு பிரிட்டிஷ் பிரபு. அவர் கதையை எடுத்தால், ஊட்டிக்குப் போகும்போது நாம் போட்டுக்கொள்ளும் கார்டிகனும், என் மங்கி குல்லாவும் கூடவே வந்து நிற்கின்றன. மூன்றின் ஆங்கிலப் பெயர்களும் ஒரே போரை நினைவுபடுத்துபவை. அது கிரிமியப் போர், 1853 முதல் 1856 வரை நடந்தது.

வகுப்பில் நான் அதை ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பேன். ஒரு பக்கம் ரஷ்யா. மறுபக்கம் துருக்கி, பிரிட்டன், பிரான்ஸ், கடைசியில் சேர்ந்த சார்டினியா. கருங்கடலில் ரஷ்யாவின் பெரிய கடற்படைத் தளமான செவஸ்தபோலைப் பிடிப்பதற்காக நேச நாட்டுப் படைகள் 1854 செப்டம்பரில் கிரிமியாவில் இறங்கின.

பிரிட்டிஷ் படைக்குத் தலைமைத் தளபதி ராக்லன் பிரபு. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1815இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்தவர். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் எதிரிகள், இப்போது கூட்டாளிகள். ஆனாலும் பழக்க தோஷத்தில் எதிரியைக் குறிப்பிடும்போது "பிரெஞ்சுக்காரர்கள்" என்றே சொல்லிவிடுவாராம். தோளில் மூட்டுத் தையல் இல்லாமல், அக்குளிலிருந்து கழுத்து வரை சாய்வாகத் தைக்கும் கைக்குத்தான் இவர் பெயர். கை இழந்தவருக்குப் போட வசதியாக வெட்டியது என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதை எப்படியோ, பெயர் அவருடையதுதான்.

அடுத்தவர் கார்டிகன் பிரபு. இதுவும் வேல்ஸில் ஓர் ஊர்ப் பெயர். பெரும் பணக்காரர், பெரும் கோபக்காரர். அன்று பிரிட்டிஷ் படையில் அதிகாரி பதவியைப் பணம் கொடுத்தே வாங்கலாம். அந்த வழக்கம் 1871இல்தான் ஒழிந்தது. இவரும் அப்படி வாங்கி மேலே வந்தவர்தான். தன் படைப்பிரிவின் சீருடைக்குச் சொந்தக் காசை வாரி இறைத்தவர். கிரிமியாவில் வீரர்கள் கூடாரத்தில் கிடந்தபோது, இவர் துறைமுகத்தில் நின்ற தன் சொந்த உல்லாசப் படகில் போய்த் தூங்கினார். முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிப் பின்னல் சட்டை இவர் பெயரால்தான் கார்டிகன் ஆயிற்று.

அந்தத் துறைமுகத்தின் பெயர் பாலக்லாவா. நாம் மங்கி குல்லா என்று சொல்வதை ஆங்கிலத்தில் இந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

1854 அக்டோபர் 25. துருக்கியர் காவல் காத்த மேட்டிலிருந்து ரஷ்யர்கள் கைப்பற்றிய பீரங்கிகளை இழுத்துப் போகிறார்கள் என்று, உயரமான குன்றில் நின்ற ராக்லன் நினைத்தார். பீரங்கிகளைக் கொண்டுபோக விடாமல் தடுக்கும்படி குதிரைப்படைக்கு ஓர் ஆணை எழுதி அனுப்பினார். எந்தப் பீரங்கிகள் என்று அதில் தெளிவாக இல்லை. பள்ளத்தாக்கில் நின்ற குதிரைப்படைத் தளபதி லூகன் பிரபுவுக்கு அந்த மேடு தெரியவில்லை. எந்தப் பீரங்கி என்று அவர் கேட்டார். ஆணையைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் கையை வீசி ஒரு திசையைக் காட்டினார். பள்ளத்தாக்கின் அந்தக் கோடியில் இருந்தது, அணிவகுத்து நின்ற ரஷ்யப் பீரங்கி வரிசை.

லூகன் வேறு யாருமல்ல, கார்டிகனின் தங்கை கணவர். மச்சான்கள் இருவருக்கும் ஆகவே ஆகாது. கார்டிகன் ஆபத்தைச் சொன்னார், லூகன் தலைமைத் தளபதியின் ஆணை என்றார், பேச்சு அதோடு முடிந்தது. மூன்று பக்கமும் பீரங்கிகள் இருந்த அந்தப் பள்ளத்தாக்குக்குள் சுமார் 670 குதிரை வீரர்கள் போனார்கள். ஏறக்குறைய 110 பேர் செத்தார்கள், 160 பேர் காயப்பட்டார்கள். முதலில் செத்தவர்களில் நோலனும் ஒருவர். முன்னால் போன கார்டிகன் பிழைத்து, ஊர் திரும்பி, மாலை மரியாதை வாங்கிக்கொண்டார்.

உண்மையான சாவு அதற்குப் பிறகுதான் வந்தது. நவம்பர் 14 அன்று அடித்த புயலில், குளிர்கால உடைகளை ஏற்றிவந்த 'பிரின்ஸ்' என்ற கப்பல் பாலக்லாவாவுக்கு வெளியே மூழ்கிப்போனது. கோடைக்கு வந்த உடுப்போடு வீரர்கள் பனியில் கிடந்தார்கள். இங்கிலாந்தில் பெண்கள் கம்பளி பின்னி அனுப்பினார்கள். தலை, காது, கழுத்து எல்லாம் மூடும் அந்தக் குல்லாவுக்குப் போர் முடிந்து பல வருஷம் கழித்து ஊர்ப் பெயர் நிலைத்தது. அந்தப் போரில் மாண்ட பிரிட்டிஷ் வீரர்கள் 20,000 பேருக்கும் மேல். அவர்களில் முக்கால் பங்குக்கும் அதிகமானோர் குண்டடி பட்டுச் சாகவில்லை, நோயில் செத்தார்கள். ராக்லனும் 1855 ஜூனில் அங்கேயே முகாமில் நோயில்தான் இறந்தார்.

மூன்று பெயர்களில் இரண்டைப் பிரபுக்கள் எடுத்துக்கொண்டார்கள். குளிரில் நடுங்கியவர்களுக்கும், விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பின்னிய பெண்களுக்கும் மிச்சமானது அந்தத் துறைமுகத்தின் பெயர் மட்டும்தான்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனசு கேட்கவில்லை.

அந்தக் குதிரைப்படைத் தாக்குதலைப் பற்றி டென்னிசன் எழுதிய கவிதையை வகுப்பில் நான் உரக்கச் சொல்லிக் காட்டுவேன். மேசையைத் தட்டித் தாளம்கூடப் போடுவேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், தப்பான ஆர்டர்னு தெரிஞ்சிருந்தும் ஏன் சார் போனாங்க?" என்று கேட்டான். "தளபதி சொன்னா வீரன் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த வருஷம் முழுக்க அவன் வேறு கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவன் கேட்டதுதான் அன்றைய பாடத்திலேயே முக்கியமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, அதட்டி உட்கார வைத்துவிட்டேன்.

முகம் நன்றாக நினைவிருக்கிறது, பெயர்தான் பிடிபடவில்லை. தம்பி, இதைப் படிக்க நேர்ந்தால் வாத்தியாரை மன்னித்துவிடு. முடிந்தால் ஒரு போன் பண்ணு.

திருப்பூர் மாஸ்டருக்கு: இனிமேல் ராக்லன் கை வெட்டும்போது பக்கத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் ஏதாவது கேட்டால், கேட்க விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்