காவிரிப் படுகையில் நாட்டுக்கோழி வளர்ப்பு

காவிரிப் படுகையில் கோழி வளர்ப்பு தொன்மையானது. முற்றத்தில் உலரும் நெல்லைத் தின்ன வந்த கோழியைப் பெண்கள் காதணியால் எறிந்து விரட்டியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையே இங்கு குஞ்சுகளுக்குக் கடுமையான காலம். ஈரத்தில் அவை விறைத்து இறந்துவிடும். எனவே தாய்க்கோழியுடன் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ பஞ்சாரத்தால் கவிழ்த்து, நொய்யும் தவிடும் இட்டுக் காத்தனர். கோழி, முட்டை விற்ற காசு பெண்களின் சிறுவாடாகச் சேர்ந்தது.

மழைக்குத் தப்பிய கோழிகளைக் கோடையில் வெள்ளைக்கழிச்சல் தாக்கும். சில நாட்களில் ஊர்க்கோழிகளையே அழித்துவிடும். பஞ்சாரம் இதைத் தடுக்காது. இந்தியாவில் 1927ஆம் ஆண்டு குமாவுன் மலைப்பகுதியின் ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்நோய் அவ்வூர்ப் பெயரையும் பெற்றது. 1940களில் முக்தேசுவரில் தடுப்பூசி உருவானது. இன்று கோடைக்கு முன்பே கால்நடை பராமரிப்புத் துறை ஊர்தோறும் தடுப்பூசி முகாம்கள் நடத்துகிறது.