வணிக வேலை

வணிக வேலை என்றதும் கடையும் கல்லாவும்தான் நினைவுக்கு வரும். மின்சாரச் சட்டம், 2003 இதற்குத் தரும் பொருள் மிக விரிந்தது. மின்சார ஒழுங்குமுறை ஆணைய உறுப்பினர், பதவி முடிந்து 2 ஆண்டுகள் வணிக வேலை ஏற்கக் கூடாது என்கிறது அதன் 89ஆம் பிரிவு. ஆணையத்தின் முன் வழக்காடிய நிறுவனத்தில் எந்தப் பணியும் இதில் அடங்கும். இயக்குநர், பங்காளி, ஆலோசகர் என்ற பெயர்களில் நுழைந்தாலும் விலக்கில்லை. சொல் புதிதன்று. மத்திய அரசு ஊழியரின் 1972ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளிலேயே இருந்தது. அங்கே அரசின் முன் அனுமதி பெற்று வேலைக்குப் போகலாம். மின்சாரச் சட்டம் அந்த வழியைத் திறந்து வைக்கவில்லை. அதுவே சரி என்பேன்.

இப்படித் தடுத்தால் திறமையானவர்கள் ஆணையத்துக்கு வரமாட்டார்கள் என்பார்கள். பதவிக்காலம் 5 ஆண்டுகள், வயது வரம்பு 65. பலர் நீண்ட பணிக்காலத்தை முடித்துவிட்டே வருகிறார்கள். அவர்களுக்கு 2 ஆண்டுகள் பெரிய இழப்பாகாது. ஆணையம் முடிவு செய்யும் மின் கட்டணம் யூனிட்டுக்குச் சில காசு கூடினாலும் லட்சக்கணக்கான வீடுகளின் பில் ஏறும். அந்தக் கட்டணத்தை முடிவு செய்யும் நாளில், நாளைய முதலாளியின் முகம் உறுப்பினர் கண்முன் நிற்கவே கூடாது. பதவி முடிந்தபின் எவருக்காகவும் எந்த ஆணையத்தின் முன்னும் வாதாடக் கூடாது என்ற தடைக்கோ, சட்டம் கால வரம்பே வைக்கவில்லை.