செவிலியும் மதிப்பூதியமும்

செவிலி என்னுஞ் சொல் சங்க அகப்பாடல்களிற் பயின்று வழங்குவது. ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தோழி செவிலியின் மகள் எனத் தொல்காப்பியம் கூறுதலை யாவரும் அறிவர். இதனை உறவுமுறை பற்றிய குறிப்பாக மட்டுங் கொள்ளுதல் அமையாது. பேணுந்தொழில் தாயிடமிருந்து மகளுக்கு வழிவழியாக வந்த கல்வி என்பதும் அந்நூற்பாவினாற் பெறப்படும் என்பது எம் கருத்து. சான்றிதழ் இல்லாத அக்கல்விக்கு இல்லத்தில் ஓர் இடம் இருந்தது. அறத்தொடு நிற்குந் தோழி மறைபொருளைச் செவிலிக்கே உரைக்கின்றாள். நற்றாய் அதனைச் செவிலி வாயிலாகவே அறிகின்றாள்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கல்வியை அரசு தன் செலவில் நடத்தத் தலைப்பட்டது. பயிற்சி பெருகியவாறு பயின்றோரின் நிலையும் உயர்ந்ததா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

1953-இல் துர்காபாய் தேசுமுகைத் தலைவராகக் கொண்டு நடுவண் சமூகநல வாரியம் அமைந்தது. மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1961–66) பாலசேவிகைகளுக்கான பயிற்சி அரசு நிதியுடன் நடைபெற்றது. பின்னர், 1975 அக்டோபர் 2-ஆம் நாள், 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கிற்று. அங்கன்வாடி என்னும் பெயரும் அதனோடு வந்தது. அப்பெயரின் முதனிலை முற்றத்தைக் குறிப்பது. திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தில் வரும் அங்கணம் என்பதோ தூய்மையற்ற முற்றம். ஒரு சொல் இருவேறு நிலங்களில் எய்தும் பொருள் வேறுபாட்டிற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டில் இவ்வரலாறு தனக்கென ஒரு வழியை மேற்கொண்டது. உலக வங்கியின் கடனுதவியுடன் 1980-இல் மதுரை மாவட்டத்தில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் பணியாளர் தேர்வுமுறை எம் கருத்தைப் பெரிதும் ஈர்க்கின்றது. பணியாளர் அவ்வூரிலேயே வாழும் பெண்ணாதல் வேண்டும். வறியவராயினும் தம் மக்களை நலம்பட வளர்த்தவராயின் அவர்க்கு முதன்மை தரப்பட்டது. ஏட்டுக் கல்விக்கு முன்னரே அவர்பால் அமைந்திருந்த வளர்ப்பறிவைத் தேர்வாளர் தகுதியெனக் கொண்டனர் என்றோ! செவிலி மரபை அரசு அறியாமலே ஏற்றுக்கொண்ட இடம் இதுவெனலாம்.

அவ்வறிவின்மேல் அளவைக் கல்வி சேர்க்கப்பட்டது. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளைத் திங்கள்தோறும் நிறுத்தல், எடையை வளர்ச்சி அட்டையிற் குறித்தல், கோடு தாழ்ந்தவிடத்துக் காரணம் ஆய்தல், எடை கூடாத குழந்தைக்கு மட்டும் 90 நாளேனும் துணையுணவு அளித்தல் ஆகியன பயிற்சியின் உயிர்ப்பகுதிகள். எல்லார்க்கும் உணவளித்தல் எளிது. எக்குழந்தைக்கு எப்பொழுது அளிப்பது, எப்பொழுது நிறுத்துவது எனத் துணிதலே அரிது. அத்துணிவை ஊர்ப்பெண்ணிடம் ஒப்படைத்தமை இத்திட்டத்தின் சிறப்பு. பயிற்சியும் வகுப்பறையோடு முடியவில்லை. மேற்பார்வையாளர் மையத்திற்கே வந்து கற்பித்தனர். கடும் ஊட்டக்குறை குறைந்தமையைப் பின்வந்த மதிப்பீடுகள் காட்டின.

இனி, நிலை பற்றிக் காண்பாம். இப்பணியாளர் பெறுவது மதிப்பூதியம் எனப்பட்டது. மதிப்பு, ஊதியம் ஆகிய இரண்டும் இச்சொல்லில் உள. வழக்கிலோ இது முழு ஊதியமன்று எனக் காட்டுதற்கே இச்சொல் பயன்பட்டது. அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்போர் அல்லர் என உச்ச நீதிமன்றம், கருநாடகத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில், 2006-இல் தீர்ப்பளித்தது. அரசே தேர்ந்து, அரசே பயிற்றி, அரசே பணிகொண்டோர் அரசுப் பணியாளர் அல்லராயினர்! குசராத்திலிருந்து வந்த வழக்கில் 2022 ஏப்ரலில் அந்நீதிமன்றமே பணிக்கொடைச் சட்டம் இவர்க்கும் பொருந்தும் என்றது. இவர்தம் பணி பகுதிநேரப் பணி என்னும் வாதத்தை மறுத்தது. மதிப்பூதியமும் அச்சட்டம் கூறும் ஊதியத்துள் அடங்கும் என்றது. சொல்லின் பின்னுறுப்பு அவ்வளவில் தன் பொருளை மீளப்பெற்றது.

பணிச்சுமையோ நாளும் பெருகுகின்றது. கைப்பேசிச் செயலிவழிப் பதிவு செய்தலும் இவர்க்குரியதாயிற்று. 2023-இல் நடுவணரசு தொடங்கிய ‘போஷண் பி படாய் பி’ திட்டம் முன்பருவக் கல்வி கற்பிக்கவும் இவரைப் பயிற்றுகின்றது. தமிழ்நாட்டரசு இவர்க்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்குகின்றது. மதிப்பூதியத்தினும் இது மேம்பட்டதே. எனினும் சிறப்பு என்னும் அடை உயர்வைக் குறித்து வந்ததன்று. பிற அரசுப் பணியாளர் பெறும் காலமுறை ஊதியத்தினின்று இதனைப் பிரித்தற்கு வந்தது.