ஒஸ்ரின் ஏ-40உம் மாருதி 800உம்

ஒரு வாகனத்தின் பெருமையை அதன் வேகத்தையும் புதுமையையும் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. அது எந்தக் காலத்தில், எத்தகைய தட்டுப்பாட்டுக்கு ஈடுகொடுத்தது என்பதையும் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்து வீதிகள் நன்கறிந்த இரு கார்கள் இதற்குச் சான்று.

முதலாவது ஒஸ்ரின் ஏ-40. இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டாண்டுகளில், 1947இல், பேர்மிங்காமின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் உருவானது. போரினாற் கடனாளியான பிரித்தானியாவுக்கு அந்நியச் செலாவணி அவசியமாயிருந்தமையால் இக்கார்களிற் பெருந்தொகையானவை ஏற்றுமதியாகின. இலங்கைக்கும் வந்தன. 1952இல் வெளியான சோமர்செட் வடிவம் நம்மவர் பலருக்கு நினைவிருக்கும். இரும்புச் சட்டகத்தின் மீது பூட்டிய கனத்த உடல், 1200 சீ.சீ. இயந்திரம், ஏறத்தாழ 40 குதிரைவலு.

மற்றையது மாருதி 800. சுசுகி நிறுவனத்தின் கூட்டுறவுடன் 1983 டிசெம்பரில் இந்தியாவில் வெளிவந்தது. முதற்காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தியே கையளித்தார். 796 சீ.சீ. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் இயந்திரம் ஒஸ்ரினுக்கு ஏறத்தாழச் சமமான வலுவைத் தந்தது. எடையோ அதன் மூன்றில் இரண்டு பங்கு அளவே. எரிபொருட் செலவும் மிகக் குறைவு.

ஏட்டளவில் வெற்றி மாருதிக்கே. ஆனால் 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது கணக்கு மாறியது. வடக்கிற்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய் கிடைத்தது; அதுவும் மட்டாகவே. அந்த மண்ணெண்ணெயில் ஓடியவை பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும்தாம்.

காரணம் அவற்றின் பழைமையே. போருக்குப் பிந்திய பிரித்தானியாவிற் கிடைத்தது தரங்குறைந்த பெற்றோல். அதற்கேற்ப அக்கால இயந்திரங்கள் குறைந்த அழுத்தத்தில் இயங்குமாறு அமைக்கப்பட்டன. அழுத்தம் கூடினால் மண்ணெண்ணெய் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து இயந்திரத்தைத் தட்டும். குறைந்த அழுத்தத்தில் ஓரளவு அமைதியாக எரியும். குளிர்ந்த இயந்திரத்தில் அது ஆவியாகாது. எனவே சிறிதளவு பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கக்கியது, இயந்திரம் தேய்ந்தது. ஆயினும் நோயாளரும் கர்ப்பிணிகளும் வைத்தியசாலை சேர்ந்தனர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலும் இக்கார்கள் சுமை சுமந்தன. ஒரு போரின் பஞ்சத்துக்காக அமைந்த இயந்திரம், இன்னொரு போரின் பஞ்சத்தில் கைகொடுத்தது.

2002இல் ஏ-9 பாதை திறந்து பெற்றோலும் தாராளமாக வந்தபின், அந்தப் பழைய கார்களின் தேவை குறைந்தது. ஆனால் தட்டுப்பாடு ஒரேயடியாக விடைபெறவில்லை. 2022இல் முழு இலங்கையுமே எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஜூலையில் அறிமுகமான பங்கீட்டின்படி காரொன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர். அந்த 20 லீற்றரில் நெடுந்தூரம் செல்லவல்லது மாருதியே.

பெற்றோலே இல்லாத நாளுக்கு ஒஸ்ரின். பெற்றோல் அளந்து கிடைக்கும் நாளுக்கு மாருதி. இரண்டில் எது சிறந்தது என்று கேட்பவர், எந்த நாளுக்கு என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.