லினக்ஸ் லேப்டாப்புக்கு எந்த பிரிண்டர் வாங்கலாம்? அட்டைப்பெட்டியில் பார்க்க வேண்டிய ஒரு வார்த்தை!

விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸுக்கு மாறுகிறார்கள். தமிழக வீடுகளுக்கு லினக்ஸ் புதிதும் இல்லை. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது.

சிக்கல் பிரிண்டர் வாங்கும்போதுதான். சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போய் ஒரு பிரிண்டரை வாங்கிட்டு வந்து, பிள்ளைக்கு நாளைக்குத் தேவையான ஹால் டிக்கெட் வராமல் உட்கார்ந்திருப்பது யாருக்கும் நடக்கக்கூடாது.

'ஏர்பிரிண்ட்' இருக்கிறதா?

கடைக்காரரிடம் "லினக்ஸ்ல ஓடுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரியான பதில் கிடைக்காது. "ஏர்பிரிண்ட் இருக்கா?" என்று கேளுங்கள். அது ஐபோனுக்காக 2010-ல் ஆப்பிள் கொண்டுவந்த வசதிதானே என்று தோன்றலாம். ஆனால் ஆப்பிளும் லினக்ஸும் அச்சிடுவது 'கப்ஸ்' என்ற ஒரே குடும்பத்து மென்பொருளில். ஏர்பிரிண்ட் உள்ள பிரிண்டரை வீட்டு வைஃபையில் இணைத்தால், இன்றைய லினக்ஸ் பெரும்பாலும் தானாகவே கண்டுபிடித்துவிடும். தனி டிரைவர் வேண்டாம். இன்டர்நெட் இல்லாத நேரத்திலும் அச்சு வரும்.

வைஃபை இல்லாத, யுஎஸ்பி மட்டும் உள்ள விலை குறைந்த மாடல் என்றால் டிரைவர் கட்டாயம் பார்க்க வேண்டும். எப்சன் எல்3210 போன்ற இங்க் டேங்க் மாடல்களுக்கான டிரைவர் உபுண்டு, டெபியனிலேயே கிடைக்கிறது. பிரதர் எச்எல்-எல்2321டி லேசருக்கு அந்த நிறுவனமே லினக்ஸ் டிரைவர் தருகிறது. எச்பிக்கு 'எச்பிஎல்ஐபி' என்ற மென்பொருள் உண்டு.

செகண்ட் ஹேண்டில் உஷார்

பழைய கடைகளில் அதிகம் கண்ணில் படுபவை கேனான் எல்பிபி2900, எச்பி லேசர்ஜெட் 1020. இரண்டுமே நல்ல உழைப்பாளிகள், விண்டோஸில். எல்பிபி2900-க்கு கேனான் தந்த லினக்ஸ் டிரைவர் ரொம்பப் பழசு. புதிய உபுண்டுவில் அதை ஓட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எச்பி 1020 வேறு ரகம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதன் ஃபர்ம்வேரை கம்ப்யூட்டர்தான் அனுப்ப வேண்டும். அதற்கு எச்பிஎல்ஐபியோடு தனி பிளக்-இன் போட வேண்டும். தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம்.

இங்க் டேங்கா, லேசரா?

குறைந்த விலைக்குக் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் பிரிண்டரில் ஏமாந்துவிடாதீர்கள். சின்ன கார்ட்ரிட்ஜ் நூற்றுச் சொச்சம் பக்கத்திலேயே தீர்ந்துவிடும். எப்சனின் 003 கறுப்பு மை பாட்டில் ஒன்றுக்கு அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு சுமார் 4,500 பக்கம். கலர் ப்ராஜெக்ட் ஒர்க் இருக்கும் வீட்டுக்கு இங்க் டேங்க்தான் கட்டுப்படியாகும். ஆனால் வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுக்க வேண்டும், இல்லையென்றால் மை காய்ந்து ஹெட் அடைத்துக்கொள்ளும்.

மாதக்கணக்கில் தொடாமல் கிடந்து, திடீரென்று ஒரு சான்றிதழ் எடுப்பவர்களுக்கு கறுப்பு வெள்ளை லேசரே நல்லது. டோனர் காயாது. ஒரு விஷயம், சூடேறும்போது லேசர் நிறைய மின்சாரம் இழுக்கும். கரண்ட் போன நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் அதைப் போடாதீர்கள். இரண்டு பருவமழையும் கடல்காற்றும் உள்ள குமரி மாவட்டத்தில் பேப்பர் சீக்கிரம் ஈரம் இழுத்து உள்ளே சிக்கும். பிரித்த கட்டை பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள்.

ஆதார் நகல் எடுக்க மட்டும் என்றால் கவலை இல்லை. ஆல்-இன்-ஒன் பிரிண்டரின் ஜெராக்ஸ் பட்டன் கம்ப்யூட்டர் இல்லாமலே வேலை செய்யும். ஸ்கேன் செய்து லேப்டாப்பில் சேமிக்க வேண்டுமானால் அதற்கும் லினக்ஸ் ஆதரவு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் கையோடு கொண்டு போங்க. டெமோ பிரிண்டரில் இணைத்து, தமிழில் ஒரு பக்கம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டேங்கில் மை ஊற்றிய பிறகு திருப்பி எடுக்கச் சொன்னால் கடைக்காரர் சம்மதிப்பது கஷ்டம்.