கிடை நின்றதும் போன நீலம்

பிரிட்டனில் குடியிருக்கும் பட்டாம்பூச்சிகள் 57 வகை, தவறாமல் வந்துபோகிறவை 2 என்பது இங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அழிந்தவை இதில் சேராது. செம்பு நிற லார்ஜ் காப்பர், விளைநிலத்துக்காகக் கிழக்குச் சதுப்புகளில் நீரை வடித்தபோது, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் போனது. பிளாக்-வெயின்ட் ஒயிட் 1920-களோடு சரி. விருந்தாளிகளில் பெயின்டட் லேடி நம் ஊரிலும் பறப்பதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து தலைமுறை தலைமுறையாக வடக்கே வரும். இலையுதிர் காலத்தில் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் திரும்பிப் போகும். ரேடார் வைத்துப் பார்த்த பிறகே திரும்பிப் போவது உறுதியானது.

ஆனால் என் மனசு நிற்பது லார்ஜ் ப்ளூவிடம். நான் சிவகங்கைப் பக்கத்துக் கீதாரி வீட்டுப் பிள்ளை, பிழைப்பு பிரிஸ்டலில். இந்தப் பூச்சியின் கதை எனக்கு ஆட்டுக்காரன் கதையாகத்தான் படுகிறது.

அது தைம் பூவில் முட்டையிடும். புழு இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். சிவப்பு எறும்பு ஒன்று வந்து தொட, புழு இனிப்பான ஒரு துளியைச் சுரந்து கொடுக்கும். பிறகு உடம்பை உப்பிக்கொண்டு எறும்புக் குஞ்சு போலவே நிற்கும். எறும்பும் தன் பிள்ளை என்று நம்பிப் புற்றுக்குள் தூக்கிப்போகும். உள்ளே பத்து மாதம் எறும்புக் குஞ்சுகளையே தின்று வளரும்.

பூச்சி குறையக் குறைய, பிடித்துப் பெட்டியில் குத்தி வைப்பவர்கள்மேல்தான் பழி விழுந்தது. 1930-களில் ஓர் இடத்துக்கு வேலியே போட்டார்கள். ஆள் வரவில்லை, ஆடுமாடும் வரவில்லை. பூச்சி அங்கேயும் அழிந்தது. 1953-இல் மிக்ஸோமடோசிஸ் நோய் வந்து முயல்களை வாரிக்கொண்டு போனதும், மேய வாயில்லாமல் சரிவுகளில் புல் மண்டியது.

1970-களில் கடைசிக் கூட்டத்தின் அருகிலேயே தங்கி ஆராய்ந்த ஜெரமி தாமஸ்தான் காரணத்தைப் பிடித்தார். சிவப்பு எறும்பில் பல இனம் உண்டு. புழு நன்றாகப் பிழைப்பது மிர்மிகா சபுலெட்டியின் புற்றில்தான். அந்த எறும்புக்கு வெயில் படும் சூடான மண் வேண்டும். புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே மண் 2, 3 டிகிரி குளிர்ந்துவிடும். அந்த எறும்பு ஒதுங்க, வேறினம் இடம் பிடிக்கும். இது தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. 1979-இல் டார்ட்மூரில் கடைசி லார்ஜ் ப்ளூவும் போனது.

1983-இல் சுவீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன்பே சரிவை மேய்ச்சலால் சீர்படுத்தி வைத்திருந்தார்கள். எப்போது எத்தனை உருப்படி விடுவது, புல் எவ்வளவு ஏறியதும் மறுபடி விடுவது என்ற கணக்குதான் அங்கே வைத்தியம். மேய்ச்சல் என்றாலே காட்டுக்குக் கேடு என்று எங்கள் ஆட்களை விரட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்க வேண்டும். அளவுக்கு மீறிய மேய்ச்சலும் நிலத்தைக் கெடுக்கும். அது எந்தக் கீதாரிக்கும் தெரிந்ததே.

சாமர்செட்டில் காலர்ட் ஹில் சரிவில் இப்போது லார்ஜ் ப்ளூவை யாரும் போய்ப் பார்க்கலாம். ஜூன் நடுவில், வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். தைம் செடியும் எறும்புப் புற்றும் காலடியிலேயே இருக்கின்றன.