பாக்குனுக்குப் பிறகு பாராம்

பல்கலைக்கழகத்தில் சரவாக்கின் பாக்குன் அணையைப் படித்தபோது 205 மீட்டர் உயரம், 2,400 மெகாவாட் என்றுதான் குறித்துக்கொண்டேன். சுமார் 10,000 பூர்வகுடிகள் சுங்கை ஆசாப்புக்கு மாற்றப்பட்டது அந்தக் குறிப்பில் இல்லை. சுற்றுச்சூழல் அறிக்கையை எங்களுக்குக் காட்டவில்லை என்று மூன்று பேர் வழக்குப் போட்டு 1996இல் ஜெயித்தார்கள். 1997இல் மேல்முறையீட்டில் அரசு ஜெயித்தது.

அடுத்த அணை பாராம் ஆற்றில் என்றதும், அங்குள்ள கென்யா, காயான், பெனான் மக்களுக்கு சுங்கை ஆசாப் கண்முன்னே இருந்தது. 2013 அக்டோபரில் பாதையை மறித்து உட்கார்ந்தவர்கள் இரண்டு வருஷம் ஆகியும் எழவில்லை. 2016இல் மாநில அரசு அணைக்கான நில எடுப்பை ரத்து செய்தது.

இப்போதெல்லாம் அணை என்றால், மெகாவாட்டுக்கு முன்னால் அங்கே யாரிடம் கேட்டார்கள் என்றுதான் தேடுகிறேன்.